மருந்துப் பெட்டியிலிருந்து தக்காளிப் பாத்திக்கு: ஆஸ்பிரின் தெளித்த இரண்டு பருவம்

ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து ஆஸ்பிரின் மாத்திரை. இந்தக் கணக்கை எங்கிருந்து பிடித்தேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே விளங்கவில்லை. ஒரு ஆளுக்கு ஒன்று என்றால் இருபது செடிக்கு ஐந்து குறைவுதானே என்று ஏதோ ஒரு அரைகுறை நியாயம் அன்றைக்கு மனதில் ஓடியிருக்க வேண்டும். நசுக்கி, கலக்கி, கைத்தெளிப்பானில் ஊற்றி, காலை பத்து மணி வெயிலில் தக்காளிச் செடிகளுக்கு அடித்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் இளம் இலைகளின் ஓரமெல்லாம் காய்ந்து சுருண்டு, நடுவில் ஊதுபத்தியால் சுட்ட மாதிரி பழுப்புப் புள்ளிகள். நோய் வராமல் இருக்க அடித்தது, நோயே செய்யாத வேலையைச் செய்து வைத்திருந்தது.

அந்தச் செடிகள் சாகவில்லை. இரண்டு வாரத்தில் புது இலை விட்டன. ஆனால் அந்த இரண்டு வாரம் நான் சும்மா இருக்காமல் இந்த மாத்திரை செடிக்குள் என்னதான் செய்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

செடிக்குத் தலைவலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, அப்புறம் ஆஸ்பிரின் எதற்கு? விஷயம் என்னவென்றால், ஆஸ்பிரினின் மூலப்பொருளான சாலிசிலிக் அமிலம் செடிகளே தமக்குள் தயாரிக்கும் ஒன்று. வில்லோ மரப்பட்டையை மனிதன் வலிக்குப் பயன்படுத்தியதும் அதில் இருக்கும் இதன் உறவுக்காரப் பொருளால்தான். 1897ல் பேயர் நிறுவனத்தில் அதோடு ஒரு அசிட்டைல் துண்டை ஒட்டவைத்துச் செய்ததுதான் இன்றைய ஆஸ்பிரின். செடிக்கு வருவோம். இலையின் ஒரு இடத்தில் கிருமி நுழைந்தால் அங்கே சாலிசிலிக் அமிலம் ஏறுகிறது, அதைத் தொடர்ந்து செய்தி செடி முழுக்கப் போகிறது, நோய் தொடாத மேல் இலைகள்கூடப் பூஞ்சாணத்தின் சுவரைக் கரைக்கும் புரதங்களைத் தயாரித்து வைத்துக்கொள்கின்றன. 1961ல் ராஸ் என்பவர் புகையிலைச் செடியின் கீழ் இலையில் தேமல் வைரஸைத் தேய்த்துவிட்டு, சில நாள் கழித்து மேல் இலையிலும் தேய்த்துப் பார்த்தபோது மேல் இலையில் புண்கள் சிறுத்துப் போனதைக் காட்டினார். 1979ல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஒயிட் என்பவர் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரின் கரைசலை ஊசியால் ஏற்றினார், அந்த இலைகளிலும் வைரஸ் புண்கள் குறைந்தன. செடியே இதைத் தயாரித்துத் தனக்குச் சமிக்ஞையாக வைத்திருக்கிறது என்பதற்கு 1990ல்தான் புகையிலையிலும் வெள்ளரியிலும் தெளிவான ஆதாரம் வந்தது.

இதைப் படித்ததும் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். ஆஸ்பிரின் பூஞ்சாணத்தைக் கொல்வதில்லை. காவல் நாயை எழுப்பிவிடுகிறது, அவ்வளவுதான். திருடன் பீரோவைத் திறந்த பிறகு நாயை எழுப்பிப் பயனில்லை. நோய் வந்த செடிக்கு அடித்துவிட்டுக் "கேட்கவில்லையே" என்று சொல்கிறவர்கள் தப்பான கேள்வியைக் கேட்கிறார்கள்.

அடுத்தது அளவு. ஆராய்ச்சிகளில் இலைக்குத் தெளிப்பது பெரும்பாலும் லிட்டருக்கு 1 மில்லிமோலுக்குள்தான். மில்லிமோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் ஒரு அளவு, மில்லிகிராமை மூலக்கூறு எடையால் வகுத்தால் வருவது. என் மாத்திரை ஒன்றில் 325 மில்லிகிராம். ஐந்து மாத்திரை 1625 மில்லிகிராம், ஆஸ்பிரினின் மூலக்கூறு எடை 180, ஆக லிட்டருக்கு 9 மில்லிமோல். அளவுக்கு மேல் ஒன்பது மடங்கு! இலை கருகாமல் என்ன செய்யும்? பலரும் கைமருந்து மாதிரி சொல்லும் "நான்கு லிட்டருக்கு ஒரு மாத்திரை" என்பதைக் கணக்குப் போட்டால் 0.45 மில்லிமோல் வருகிறது, சரியாக நடுவில் உட்காருகிறது. யாரோ ஒருவர் கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருக்கிறார். உங்கள் கையில் இருக்கும் மாத்திரை 75 ஆகவோ 500 ஆகவோ இருக்கலாம், அதனால் மாத்திரை எண்ணிக்கையை மறந்துவிட்டு லிட்டருக்கு 80 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

மாத்திரையைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு தடவை சறுக்கினேன். வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரைவதற்காக உறை பூசிய மாத்திரை ஒன்று உண்டு. அதை அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டு மறுநாள் வரை காத்திருந்தும் பொத்தான் மாதிரி அடியில் கிடந்தது. நசுக்கினால் கரைகிறது, ஆனால் உறைத் துணுக்குகள் தெளிப்பான் மூக்கை அடைத்துவிடுகின்றன. சாதாரண உறையில்லாத மாத்திரையாக இருக்கட்டும், அதிலும் கஃபீனோ வேறு வலி மருந்தோ சேர்த்தது வேண்டாம். நசுக்கிய பொடியை முதலில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் கலக்கி, மெல்லிய துணியில் வடித்து, பிறகு மொத்தத் தண்ணீரில் சேர்க்கிறேன். துணியில் தங்கும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் மாத்திரையைப் பிடித்து வைக்கும் மாவுப்பொருள். ஆஸ்பிரினே லிட்டருக்குக் கிட்டத்தட்ட மூன்று கிராம் வரை கரையும், நமக்கு வேண்டியது அதில் ஒரு துளி, அதனால் மருந்து துணியில் நின்றுவிட்டதோ என்று கவலைப்பட வேண்டாம்.

பழைய மாத்திரை டப்பாவைத் திறந்தால் காடி வாசனை அடிக்கும், கவனித்திருக்கலாம். ஈரம் பட்டு ஆஸ்பிரின் உடைந்து சாலிசிலிக் அமிலமும் காடியில் இருக்கும் அசிட்டிக் அமிலமுமாகப் பிரிந்த வாசனை அது. மனிதன் சாப்பிடக் கூடாது. ஆனால் செடிக்கு நாம் கொடுக்க நினைப்பதே அந்தச் சாலிசிலிக் அமிலம்தான், தண்ணீரில் கலந்து வைத்தாலும் இரண்டு மூன்று நாளில் பாதி அப்படித்தான் ஆகும். காலாவதியான மாத்திரைக்கு நான் கண்டுபிடித்த ஒரே மரியாதையான வேலை இது.

தண்ணீரும் முக்கியம். மழைநீரில் கலந்து, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளை நனைத்தால் நாலுக்குப் பக்கம், அதாவது நல்ல புளிப்பு என்று காட்டியது, அதே அளவை உப்புக் கிணற்று நீரில் கலந்தால் தாள் நிறமே மாறவில்லை. உப்பு நீரில் இருக்கும் பைகார்பனேட் அமிலத்தைத் தின்றுவிடுகிறது. அதனால் மழைநீரில் கலப்பவர்கள் அளவைக் கொஞ்சம் குறைத்தே தொடங்கலாம், இலை அமிலத்தை நேரடியாக வாங்கும். நான் இப்போது இரண்டையும் பாதிப் பாதி கலந்துகொள்கிறேன்.

இனி சோதனை. கருகிய செடிகள் தேறியதும் அந்தப் பருவத்திலேயே சரியான அளவில் மறுபடி தொடங்கினேன். இரண்டு வரிசை, வரிசைக்கு இருபது செடி. ஒரு வரிசைக்கு ஆஸ்பிரின், இன்னொன்றுக்கு ஒன்றும் இல்லை. முடிவு அபாரம். தெளிக்காத வரிசையில் கீழ் இலைகள் வளையம் வளையமாகப் புள்ளி விழுந்து மஞ்சளாகி உதிர, தெளித்த வரிசை பச்சையாக நின்றது. பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஒரு நாள் விடியற்காலையில் போனபோதுதான் உண்மை தெரிந்தது. தெளிக்காத வரிசை வேலி ஓரம். அங்கே பத்து மணி வரை இலையில் பனி காயவில்லை. தெளித்த வரிசை வரப்பு ஓரம், ஏழரைக்கெல்லாம் வெயிலும் காற்றும். அந்த வளையப் புள்ளிக்குக் காரணமான ஆல்டர்நேரியா பூஞ்சாணம் வித்து முளைக்க இலையில் ஈரம் வேண்டும். ஆஸ்பிரின் கொடுத்த வெற்றி என்று நான் நினைத்ததில் எவ்வளவு மாத்திரையுடையது, எவ்வளவு சூரியனுடையது என்று பிரிக்கவே முடியாது. சொல்லித் திரிந்தவர்களிடம் திரும்பப் போய்ச் சொல்ல வெட்கமாக இருந்தது, இருந்தாலும் சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை, அவர்கள் ஏற்கெனவே தெளித்து "நல்ல ரிசல்ட்" பார்த்துவிட்டார்களாம்.

அடுத்த பருவம் ஒழுங்காகச் செய்தேன். நாற்பது செடி, ஒவ்வொன்றுக்கும் நாணயம் சுண்டினேன், தலை விழுந்தால் ஆஸ்பிரின், பூ விழுந்தால் வெறும் தண்ணீர், இருபது ஆனதும் மீதியெல்லாம் எதிர்ப்பக்கம். வெறும் தண்ணீர் என்பது முக்கியம், சும்மா விடக் கூடாது. இலையை நனைப்பதே பூஞ்சாணத்துக்கு உதவி, அதனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு நனைய வேண்டும், கரைசல் இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் திரவமும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கத்துச் செடிக்குச் சாரல் போகாமல் ஒரு பெரிய அட்டையைப் பிடித்துக்கொண்டு தெளித்தேன். ஆஸ்பிரின் செடியின் குச்சியில் சிவப்பு நூல், தண்ணீர்ச் செடியின் குச்சியில் நீல நூல். புள்ளி விழுந்த இலைகளை எண்ணியது நானல்ல, எந்த நூல் எது என்று தெரியாத தம்பி. எனக்குத் தெரிந்தால் என் கண்ணே பொய் சொல்லும் என்பதை முந்தின பருவத்தில் பார்த்தாயிற்று.

முதல் தெளிப்பு நாற்று குழித்தட்டில் இருக்கும்போதே, நடுவதற்கு ஒரு வாரம் முன்பு. அப்புறம் நட்டுப் பத்து நாள் கழித்து, அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. எல்லாம் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, ஆனால் இருட்டுவதற்குள் இலை காயும்படி. வாடி நிற்கும் செடிக்குத் தெளிப்பதில்லை. சாலிசிலிக் அமிலம் இலைத்துளைகளை மூடச் சொல்லும் சமிக்ஞையும்கூட, ஏற்கெனவே தண்ணீருக்குத் தவிக்கும் செடியைக் கூடுதலாகக் குழப்புவானேன்.

என்ன ஆனது? புள்ளி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் தொடங்கியது. ஆனால் எட்டாவது வாரம் எண்ணியபோது தண்ணீர்ச் செடிகளில் சராசரியாகப் பதினோரு இலையும், ஆஸ்பிரின் செடிகளில் ஏழு இலையும் பாதிப்பு. அப்புறம் நான்கு நாள் விடாத மழை. மழைக்குப் பிறகு எண்ணிப் பார்த்தால் வித்தியாசமே இல்லை, எல்லாச் செடியும் ஒரே அழகில் நின்றன. காய் எடையைப் பார்த்தால் ஆஸ்பிரின் பக்கம் கொஞ்சம் கூடுதல், ஆனால் ஒரே நூல் கட்டிய செடிகளுக்குள்ளேயே நல்ல செடிக்கும் சோப்ளாங்கிச் செடிக்கும் இருந்த வித்தியாசம் அதைவிடப் பெரிது. அதனால் விளைச்சல் கூடியது என்று நான் சொல்ல மாட்டேன். நோய் மெதுவானது, கடும் ஈரத்தில் அதுவும் நிற்கவில்லை, இதுதான் நான் பார்த்தது.

தனியாக ஐந்து செடிக்கு மட்டும் வாராவாரம் அடித்துப் பார்த்தேன், அதிகம் கொடுத்தால் அதிகம் பலன் என்ற ஆசை யாரை விட்டது. இலை தடித்துக் கரும்பச்சையாக, பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருந்தன. ஆனால் குட்டை. பூவும் பின்தங்கியது. காவலுக்கே எல்லாச் சத்தையும் செலவழித்தால் வளர எங்கே இருக்கும்?

இன்னொன்று. செடிக்குள் இரண்டு பாதுகாப்பு வழிகள் இருக்கின்றன. உயிருள்ள திசுவில் வாழும் கிருமிகளுக்கு எதிராகப் பெரும்பாலும் சாலிசிலிக் அமிலம், இலையைக் கடித்துத் தின்னும் புழுக்களுக்கு எதிராக ஜாஸ்மோனிக் அமிலம். ஒன்று ஓங்கினால் மற்றது தாழ்வது பல செடிகளில் பார்க்கப்பட்டது. அந்தப் பருவம் சிவப்பு நூல் செடிகளில் பச்சைப் புழு கொஞ்சம் அதிகம் என்று தம்பி சொன்னான். எண்ணி எழுதி வைக்காததால் அதை ஆதாரம் என்று சொல்லவில்லை, ஆனாலும் புழு ஏறியிருக்கும் நேரத்தில் இப்போது ஆஸ்பிரினைத் தொடுவதில்லை. ஆல்டர்நேரியா திசுவைக் கொன்று தின்னும் ரகம் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் பலன் இவ்வளவு மிதமாக இருந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம், உயிருள்ள திசுவிலேயே வாழும் பூஞ்சாணத்தால் சாம்பல் நோய் வரும் பூசணி வகைச் செடியில் பார்த்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

விதையை ஊறவைப்பது பற்றியும் ஒரு வரி. தெளிப்புக் கரைசல் மீந்ததே என்று அதில் மிளகாய் விதையை இரவு முழுக்க ஊறப்போட்டேன். வெறும் தண்ணீரில் ஊறியவை முளைத்து நான்கு நாள் கழித்துத்தான் இவை முளைத்தன. சாலிசிலிக் அமிலம் அளவு கூடினால் முளைப்பைப் பிடித்து இழுக்கும். இனி இல்லை.

ஆஸ்பிரினில் கை வைத்த பிறகு மருந்துப் பெட்டியில் இருந்த மற்றதையும் விட்டுவைக்கவில்லை. புண் கழுவும் ஹைட்ரஜன் பெராக்சைடு, 3 சதவீதம். நாற்றழுகல் வந்த குழித்தட்டில் பத்துப் பங்கு நீரில் ஒரு பங்கு கலந்து ஊற்றினேன், நன்றாக நுரைத்தது, பார்க்க வேலை செய்கிற மாதிரியே இருந்தது. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களின் நொதி அதை உடைத்து ஆக்சிஜனும் தண்ணீருமாக்கும் நுரை அது. அதன் வேலை அந்தச் சில நிமிடம்தான், அதற்குள் நல்லது கெட்டது பார்க்காமல் பட்டதையெல்லாம் சுடும். நான் செய்த கூத்து என்னவென்றால், மூன்று நாள் முன்புதான் அதே தட்டில் ட்ரைக்கோடெர்மா போட்டிருந்தேன். காசு கொடுத்து வாங்கி வைத்த நல்ல பூஞ்சாணத்தை நானே சுட்டுவிட்டேன். இப்போது பெராக்சைடு, காலித் தட்டுகளையும் கத்தரிக்கோலையும் கழுவ மட்டும்.

எப்சம் உப்பு, அதாவது மக்னீசியம் சல்பேட். முதிர்ந்த கீழ் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியக் குறை, அதற்கு இது சரியான மருந்து. குறை இல்லாத செடிக்குக் கொடுத்தால் வேரில் கால்சியத்தோடு போட்டி போடும். தொட்டித் தக்காளிக்கு ஆசையாகத் தேக்கரண்டி தேக்கரண்டியாகப் போட்டு, காயின் அடி கறுத்து நுனி அழுகல் வந்தது. அதைச் சரிசெய்ய வயிற்றெரிச்சலுக்கான கால்சியம் மாத்திரையைப் பொடித்துத் தூரில் போட்டேன், அது கால்சியம் கார்பனேட், அமிலத்தன்மை இல்லாத மண்ணில் கரையவே நாளாகும். கடைசியில் குணமானது தண்ணீரை ஒழுங்காக விட்டபோது. ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் பாய்ச்சல் என்று விட்டதில் காய்க்குக் கால்சியம் போய்ச் சேராமல் இருந்திருக்கிறது.

பாதியில் நிறுத்திய ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைக் கரைத்து ஊற்றலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வேண்டாம். வயலில் வரும் நோய்களில் பெரும்பகுதி பூஞ்சாணம், அவற்றுக்கு இந்த மருந்துகள் படாது, பென்சிலின் உடைப்பது பாக்டீரியாவுக்கு மட்டும் இருக்கும் ஒரு சுவரை. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் வகைகளில் இன்னொரு வேடிக்கை. இலையின் பச்சையம் இருக்கும் பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியாவின் வாரிசு, அதற்குள் இருக்கும் புரதத் தொழிற்சாலை இன்னும் பாக்டீரியா பாணியில்தான் ஓடுகிறது. அதனால் அந்த மருந்துகள் இளம் நாற்றை வெளுக்க வைத்துவிடும். வெளுத்த நாற்று ஒரு பக்கம், அதைவிடப் பெரிய பிரச்சினை மண்ணில் இருக்கும் பாக்டீரியா அந்த மருந்துக்குப் பழகிக்கொள்வது. அது அப்புறம் செடிப் பிரச்சினை இல்லை, நம் வீட்டு ஆளுக்கு அதே மருந்து வேலை செய்யாமல் போகும் பிரச்சினை.

ஆஸ்பிரின் விஷயத்திலும் சில கவனம் உண்டு. இது பயிருக்கென்று அங்கீகரித்து விற்கும் பொருள் இல்லை, நான் செய்வது வீட்டுத் தேவைக்கான பாத்தியில். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் தெளிக்கவே வேண்டாம். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள், பழுத்து நிற்கும் காய் மேல் அடிக்காதீர்கள், கரைசலைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். கடைசியாகச் சொன்னதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் ஒருவர் அதில் வாய் வைத்துவிட்டார். ஒரு வாய் என்பதால் புளிக்கிறது என்று துப்பியதோடு போயிற்று.

இதற்கிடையே கணக்கில் வராத ஒரு வரிசை இருந்தது. கிழக்கு ஓரத்தில் இடம் மீந்ததால் நட்ட ஆறு செடி, மாத்திரையும் இல்லை, நூலும் இல்லை. அவற்றுக்குத் தூரில் காய்ந்த புல்லை மூடாக்காகப் போட்டு, தரையைத் தொடும் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டிருந்தேன், மழைத்துளி மண்ணில் விழுந்து பூஞ்சாண வித்தை இலைக்குத் தெறிக்கவைக்கும் என்று யாரோ சொன்னதால். அந்த நான்கு நாள் மழைக்குப் பிறகும் அந்த ஆறுதான் பச்சையாக நின்றது. ஆனால் அதுவும் வெயில் முதலில் விழும் ஓரம், ஏற்கெனவே ஒரு தடவை சூரியனிடம் ஏமாந்தவன் நான். நாற்றுகள் இப்போது நான்கு இலை விட்டிருக்கின்றன. இந்தத் தடவை ஒவ்வொரு செடிக்கும் நாணயத்தை இரண்டு முறை சுண்ட வேண்டும், ஒன்று மாத்திரைக்கு, ஒன்று மூடாக்குக்கு. நூல் நான்கு நிறத்தில் வாங்கி வைத்தாயிற்று, எண்ணுவதற்குத் தம்பி இன்னும் சம்மதிக்கவில்லை.